ஆகாயத்தில் ஒரு பிரேக்

பெரிய ஜெட் விமானத்தில் சிறகை ஒட்டிய ஆசனத்தில் அமர்ந்து பிரயாணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். சேர வேண்டிய ஊர் நெருங்கி விமானம் கீழிறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில், அதுவரை வழவழவென்று இருந்த சிறகின் மேற்பரப்பிலிருந்து சில தட்டையான பலகைகள் மெல்லத் தலைதூக்கும். உடனே விமானத்தின் உடல் இலேசாக அதிரும். கப்பிச் சாலையில் வண்டி ஏறியதுபோல ஓர் உறுமலும் கேட்கும். ஓரிரு நிமிஷங்களில் பலகைகள் படிந்துவிடும், அதிர்வும் அடங்கிவிடும். பிறகு சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டவுடன் அதே பலகைகளும், அவற்றோடு வேறு சிலவும் சேர்ந்து, ஒரே வீச்சில் உயர எழுந்து நிற்கும். விவரம் அறியாதவர்கள் சிறகில் ஏதோ பெயர்ந்துவிட்டது என்று அஞ்சுவதும் உண்டு. பெயர்ந்தது ஒன்றுமில்லை. இவையே வேகத் தடுப்புப் பலகைகள். இவற்றின் வேலை என்ன, இவற்றைக் கையாள்வதில் விமானிகளுக்கு ஏன் இத்தனை எச்சரிக்கை வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ‘ஸ்பீட் பிரேக்’ என்பது ஒன்று. ‘ஸ்பாய்லர்’ என்பது மற்றொன்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இரண்டுமே சங்கடம் தருவன. முதற்பெயரை ‘வேகத்தடை’ என்று பெயர்த்தால், தெருவின் குறுக்கே எழுப்பிய மேடுதான் தமிழர் நினைவுக்கு வரும். இரண்டாவதை அப்படியே பெயர்த்தால் ‘கெடுப்பான்’ என்றாகும். சிறகில் கெடுப்பான்களைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று சொன்னால் எந்தப் பிரயாணி துணிந்து ஏறுவார்? ஆயினும், உண்மையை மறைக்காமல் சொல்லும் பெயர் இந்த இரண்டாவதுதான். அது எதைக் கெடுக்கிறது என்று பார்ப்போம்.

சிறகின் வளைந்த மேற்பரப்பின்மீது காற்று ஒட்டி வழுக்கிக்கொண்டு விரைந்தோடுகையில், மேலே அழுத்தம் குறைகிறது. கீழே அழுத்தம் மிகுந்து நிற்கிறது. அதனால் சிறகு மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இதனைத் தூக்கு விசை என்பர். நூறு டன், இருநூறு டன் எடையுள்ள விமானம் ஆகாயத்தில் நிற்பது இந்த ஒரு விசையை நம்பித்தான். அந்தக் காற்றோட்டத்தின் நடுவே ஒரு பலகையை நிமிர்த்தினால், அதற்குப் பின்புறத்தில் காற்று சிறகைவிட்டுப் பிரிந்து சுழித்துச் சிதறிவிடுகிறது. வாய்க்காலில் தெளிவாக ஓடும் நீரின் குறுக்கே ஒரு கல்லை நட்டால், கல்லுக்குப் பின்னால் நீர் கலங்கிச் சுழிப்பதைப் பார்க்கிறோமல்லவா, அதுபோல. இதனால் இரண்டு காரியங்கள் ஒருங்கே நடக்கின்றன. காற்றின் எதிர்ப்பு மிகுகிறது. சிறகின் தூக்கு விசை குறைகிறது. மோட்டார் வண்டியின் பிரேக், வேகத்தை மட்டும் குறைக்கும். இதுவோ, வேகத்தைக் குறைப்பதோடு நில்லாமல், விமானத்தைத் தாங்கி நிற்கும் விசையிலேயே ஒரு பங்கைக் கெடுத்துவிடுகிறது. நேயர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போவது எல்லாம் எளிதில் விளங்கும்.

இப்படிப்பட்ட கெடுப்பானை எதற்காகப் பொருத்த வேண்டும்? ஜெட் விமானம் காற்றை எதிர்ப்பின்றிப் பிளந்து செல்லும்படி மிகவும் வழவழப்பாக அமைக்கப்பட்டது. அதனால் அது எளிதில் இறங்குவதில்லை. எஞ்சின்களின் விசையை முழுவதும் தணித்தாலும் நெடுந்தூரம் சறுக்கிக்கொண்டே போகும். ஓராயிரம் அடி இறங்குவதற்கு மூன்று கடல் மைல் தூரம் வேண்டும் என்பது விமானிகள் மனக்கணக்காகப் போட்டுக்கொள்ளும் வாய்பாடு. ஆகவே 30,000 அடி இறங்குவதற்கு ஏறத்தாழ 90 கடல் மைல்; வேகத்தையும் குறைக்க வேண்டுமானால் அதற்குமேலும் சில மைல்கள். மூக்கைத் தாழ்த்தி விரைவாக இறங்கலாமே என்றால், வேகம் ஏறிவிடும். வேகத்தைக் குறைக்க மூக்கை நிமிர்த்தினால், இறக்கம் நின்றுவிடும். இறங்கவும் வேண்டும், வேகமும் ஏறக்கூடாது என்றால், மலைச்சரிவில் இறங்கும் பார வண்டிக்குக் கட்டை போடுவதுபோல, ஏதேனும் ஒன்றைப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

கணக்கு எப்போதும் ஒத்துவருவதுமில்லை. கீழே வேறு விமானம் இருப்பதால் கட்டுப்பாட்டு நிலையத்தார் இறங்க அனுமதி தராமல் தாமதிப்பார்கள். பின்காற்று எதிர்பார்த்ததைவிடப் பலமாக வீசும். சில வேளைகளில், சுற்றி வர வேண்டாம், நேரே வந்து இறங்குங்கள் என்று குறுக்கு வழியை அளிப்பார்கள். குறுக்கு வழி கிடைத்தால் பிரயாணிக்கு மகிழ்ச்சி. விமானிக்கோ, இறங்குவதற்கு இருந்த மைல்களில் இருபதோ முப்பதோ பறிபோய்விடுகின்றன. அப்போதுதான் வேகத் தடுப்பின் கைப்பிடிக்குக் கை போகிறது. பழைய தலைமுறை விமானிகளில் சிலர் இதைப் பயன்படுத்துவதைக் கௌரவக் குறைவாகக் கருதுவதுண்டு; கணக்குத் தவறியதற்கு அடையாளம் என்பது அவர்கள் எண்ணம். நமக்கு அது சரியாகப் படவில்லை. பயன்படுத்துவதற்காகவே பொருத்தப்பட்ட சாதனத்தைப் பயன்படுத்துவதில் குறையொன்றுமில்லை. அதைப் பயன்படுத்தியபின் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போயிங் விமானங்களில் இந்தக் கைப்பிடி, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகளுக்கு இடப்புறத்தில் அமைந்திருக்கிறது. முற்றிலும் முன்னே தள்ளப்பட்டிருந்தால் பலகைகள் படிந்திருக்கும். அடுத்த இடம் ஆயத்த நிலை. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம். அதையும் கடந்து பின்னே இழுக்க இழுக்கப் பலகைகள் உயரும். வானில் பறக்கையில் இவ்வளவுதான் இழுக்கலாம் என்று ஒரு வரம்பும் உண்டு. வரம்புக்கு அப்பால் முழு வீச்சில் எழுப்புவது தரையில் மட்டுமே.

கைப்பிடியை இழுப்பதற்குத் திறமை ஒன்றும் வேண்டியதில்லை. இழுத்ததை நினைவில் வைத்துக்கொள்வதுதான் அரிது. பலகைகள் எழுந்தவுடன் தோன்றும் அதிர்வு முதல் நிமிஷத்தில் உறைக்கும், பிறகு பழகிவிடும். விமானி அறையில் இருப்பவர்களால் தங்கள் ஆசனத்திலிருந்து சிறகைப் பார்க்க முடிவதுமில்லை. தானியங்கிக் கருவி விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். குறித்த உயரத்தை அடைந்ததும் அது தானாகவே மூக்கை நிமிர்த்தும். வேகம் குறையத் தொடங்கினால் எஞ்சின் விசையையும் தானாகவே கூட்டும். பலகைகள் விரிந்திருக்கின்றனவே என்று அது குறைசொல்லாது. ஒரு புறம் எஞ்சின்கள் இழுக்க, மறுபுறம் பலகைகள் தடுக்க, இரண்டுக்கும் நடுவே எரிபொருள் வீணாகிக்கொண்டிருக்கும். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் யாரேனும் ஒருவர் கவனித்து மடக்கிவிடுவார். நஷ்டம் சிறிது எண்ணெயோடு போகும். எப்போதும் அப்படிப் போவதில்லை.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி இரவு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் ஒன்று மியாமியிலிருந்து தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் காலி நகரத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஊர் திரும்புவோர் பலர் அதில் இருந்தனர். பிரயாணிகளும் ஊழியர்களுமாக 163 பேர். புறப்படும்போதே இரண்டு மணி நேரத் தாமதம். காலி நகரம், வடக்குத் தெற்காக நீண்ட ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரு புறமும் உயர்ந்த மலைகள். வடக்கிலிருந்து வரும் விமானம் நகரத்தைத் தாண்டித் தெற்கே சென்று, திரும்பி வந்து இறங்குவதாக ஏற்பாடு. ஆனால் கட்டுப்பாட்டு நிலையத்தார், வடக்கிலிருந்து நேராகவே வந்து இறங்கலாமே என்று கேட்டார்கள். நேரம் மிச்சமாகும் என்று விமானிகள் இசைந்தார்கள். இசைந்த அந்தக் கணத்திலேயே விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக உயரத்தில் இருப்பதாகிவிட்டது. விரைந்து இறங்குவதற்காக வேகத் தடுப்புப் பலகைகளை விரித்தார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. வழியிலுள்ள ரோஸோ என்ற வானொலி அடையாள நிலையத்தை நோக்கிச் செல்லும் எண்ணத்தோடு, விமானத்தின் கணிப்பொறியில் ‘ஆர்’ என்ற எழுத்தை இட்டார்கள். கணிப்பொறியின் பட்டியலில் அந்த எழுத்துக்கு முதலாவதாக நின்றது ரோஸோ அன்று. நூறு மைலுக்கும் அப்பால் பொகோட்டா நகரத்தருகே உள்ள ரோமியோ என்ற வேறு நிலையம். விமானம் சொன்ன சொல் தவறாமல் இடப்புறம், கிழக்கே திரும்பியது, இறங்கிக்கொண்டும் இருந்தது. வழி மாறியதை உணர்ந்து வலப்புறம் திருப்பியபோது, அவர்களுக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே ஒரு மலை நின்றது. இருளில் அது கண்ணுக்குப் புலப்படவில்லை.

இரவு 9.40 மணி அளவில், தரை நெருங்குவதை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. மோதலுக்கு இன்னும் 12 விநாடிகளே இருந்தன. விமானிகள் தாமதிக்கவில்லை. தானியங்கியைத் துண்டித்தார்கள், எஞ்சின்களுக்கு முழு விசையையும் கொடுத்தார்கள், மூக்கை நன்றாக நிமிர்த்தினார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் செய்தார்கள், ஒன்றைத் தவிர. விரித்த பலகைகள் விரித்தபடியே இருந்தன. முழு மூச்சோடு மேலேற முயன்ற விமானத்தின் சிறகுகளிலிருந்து, ஏறுவதற்கு வேண்டிய விசையின் ஒரு பங்கை அந்தப் பலகைகள் கெடுத்துக்கொண்டே இருந்தன. சுமார் 8,900 அடி உயரத்தில், மலைமுகட்டை ஒட்டிய மரங்களில் விமானம் மோதியது. 159 பேர் மாண்டனர். நான்கு பேர் பிழைத்தனர்.

பின்னர் நடந்த ஆராய்ச்சியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மேலெழத் தொடங்கிய ஒரு விநாடிக்குள் பலகைகளை மடக்கியிருந்தால், மோதிய இடத்துக்கு மேலே சுமார் 150 அடி உயரத்தில் விமானம் ஏறிக்கொண்டு சென்றிருக்கக்கூடும். முகட்டிலிருந்த மரங்களைத் தாண்டியிருக்கவும் கூடும் என்று கண்டார்கள். ‘கூடும்’ என்றுதான் சொன்னார்கள். நாமும் அதற்குமேல் சொல்வதற்கில்லை. விபத்துக்கு மூல காரணம் வழி தவறியதுதான் என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் கடைசிப் பன்னிரண்டு விநாடிகளில் உயிருக்கும் மரணத்துக்கும் நடுவே கிடந்தது ஒரு கைப்பிடி. அதை முன்னே தள்ள ஒரு விநாடி போதும். இரு விமானிகளில் ஒருவருக்கும் அது நினைவில் வரவில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மலை எழுந்து வருகிறது என்று அறிந்த ஒரு மனிதனின் நினைவில், சில நிமிஷங்களுக்கு முன் இழுத்துவிட்ட கைப்பிடி எப்படி நிற்கும்?

ஆகையால்தான் இதை நினைவின் பொறுப்பில் விடலாகாது என்று தொழில் அறிந்தவர்கள் முடிவு செய்தார்கள். போயிங் நிறுவனம் தன் விமானிகளுக்கு வகுத்துள்ள பயிற்சி முறை இதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்கிறது: வானில் பலகைகள் விரிந்திருக்கும் வரையில், ஓட்டுகிற விமானியின் கை அந்தக் கைப்பிடியின்மீதே இருக்க வேண்டும். வேறு வேலைக்குக் கையை எடுக்க வேண்டுமானால், முதலில் பலகைகளை மடக்கிவிட வேண்டும். யந்திரமோ மின்விளக்கோ இதற்கு வேண்டியதில்லை. பால் காய்ச்சும்போது அடுப்பருகே நிற்பவள் கரண்டியைக் கீழே வைக்காததைப் போன்றதுதான் இது. மனம் மறந்தாலும், கை தான் எதைப் பிடித்திருக்கிறது என்பதை மறப்பதில்லை.

இதனோடு வேறு சில வரம்புகளும் உண்டு. போயிங் 737 வகையில், தரைக்கு மேல் 1,000 அடி உயரத்தை அடையும்முன் பலகைகளை மடக்கிவிட வேண்டும் என்பது முறை. சிறகின் பின்னோர மடல்களை அதிகமாக இறக்கியபின் பலகைகளை விரிப்பதும் தவிர்க்கத்தக்கது. தூக்கு விசையைக் கூட்ட மடலை இறக்கி, அதைக் கெடுக்கப் பலகையை எழுப்புவது ஒரு கையால் வார்த்து மறு கையால் இறைப்பதாகும். விமானம் எதிர்பாராத வேகத்தில் தாழவும் கூடும். 800 அடிக்குக் கீழே பலகைகள் விரிந்திருந்தால், அந்த வகை விமானத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து எச்சரிக்கும். ஏர்பஸ் நிறுவனத்தார் வேறு வழியில் சென்றார்கள். அவர்களுடைய ஏ320 வகையில், விமானி எஞ்சின்களுக்கு உச்ச விசையைக் கொடுத்தால், கைப்பிடி எந்த இடத்தில் இருந்தாலும், வானில் விரிந்த பலகைகள் தாமாகவே மடங்கிவிடும். காலி விபத்துக்குப் பின்னர், இத்தகைய தானியக்க ஏற்பாட்டைப் பிற விமானங்களிலும் செய்யலாகுமா என ஆராயும்படி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு பரிந்துரைத்தது. எந்த வழி மேல் என்று வழக்காடுவோர் இரு பக்கமும் உண்டு. மனிதன் மறப்பான் என்பதை இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டுதான் வழக்காடுகிறார்கள்.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி மங்களூரில் நிகழ்ந்த துயரத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737 விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்து, 158 பேர் இறந்தனர். எட்டுப் பேர் பிழைத்தனர். அங்கே வேகத் தடுப்பு மறக்கப்படவில்லை. விபத்துக்கு அது காரணமும் அன்று. ஆயினும் அந்த விசாரணை அறிக்கையில் நம் பொருளுக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. இறங்குவதற்கு அனுமதி தாமதமாகக் கிடைத்ததால் விமானம் மிக உயரத்தில் இருந்தது. பலகைகளை விரித்தும், இறங்கு சக்கரங்களைச் சுமார் 8,500 அடியிலேயே கீழே விட்டும் உயரத்தைக் கரைக்க முயன்றார்கள். அப்படியும் முடிவில், இருக்க வேண்டிய உயரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கில் இருந்தார்கள். துணை விமானி, இறங்காமல் மேலெழும்பிவிடலாம் என்று வற்புறுத்தியும், விமானம் 8,000 அடி சொச்சம் நீளமுள்ள ஓடுபாதையில் 5,200 அடியைக் கடந்த பின்னரே தரையைத் தொட்டது. பலகை கரைக்கக்கூடிய உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது போதவில்லை என்று தெரிந்தபின் செய்யத்தக்கது, இன்னும் கடுமையாக இறங்குவதன்று. திரும்ப மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான்.

இதுவரை வானத்தில் நடப்பதைச் சொன்னோம். தரையைத் தொட்டவுடன் நிலைமை நேர்மாறாகிவிடுகிறது. வானில், விரிந்திருப்பது அபாயம். தரையில், விரியாமல் இருப்பது அபாயம்.

சைக்கிளின் பின்சக்கரத்தை ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, நாம் பின்பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நிற்குமா? சக்கரம் நிற்கும், சைக்கிள் நிற்காது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் விமானமும் அத்தகையதே. சக்கரங்கள் தரையில் இருந்தாலும், பாரத்தைச் சுமப்பது இன்னும் சிறகுதான். அந்தத் தூக்கு விசையைக் கெடுத்து, பாரத்தைச் சக்கரங்களின்மேல் இறக்கிவைத்தால்தான் பிரேக்குக்குப் பிடிமானம் கிடைக்கும். பலகைகள் எழாவிட்டால், பிரேக்கின் பயன் தொடக்கத்தில் 60 சதவீதம்வரை குறைந்துபோகலாம் என்று போயிங் நிறுவனம் தன் விமானிகளுக்குச் சொல்கிறது. இதற்காகவே ஆயத்த நிலை என்று ஒன்றை வைத்தார்கள். இறங்குவதற்கு முன்பே கைப்பிடியை அந்த இடத்தில் வைத்துவிட்டால், சக்கரங்கள் தரையைத் தொட்டுச் சுழலத் தொடங்கியதும் பலகைகள் தாமாகவே எழும். கைப்பிடியும் தானாகவே பின்னோக்கி நகரும்.

ஆயத்தம் என்பது ஒரு சொல்; விரிப்பு என்பது வேறு சொல். ஆனால் இரண்டுக்கும் கைப்பிடி ஒன்றுதான். இவ்விரண்டும் மயங்கினால் என்ன ஆகும் என்பதை 1970ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டொராண்டோ நகரம் கண்டது.

ஏர் கானடா நிறுவனத்தின் டிசி-8 விமானம் மான்ட்ரீலிலிருந்து டொராண்டோ வழியாக லாஸ் ஏஞ்சலஸுக்குச் செல்ல இருந்தது. அதன் தலைமை விமானியும் துணை விமானியும் முன்பும் சேர்ந்து பறந்தவர்கள். பலகைகளை எப்போது ஆயத்தம் செய்வது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இருந்தது. இறுதி இறக்கம் தொடங்கும்போதே ஆயத்தம் செய்துவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அவ்வளவு முன்னதாகச் செய்தால் பலகைகள் வானிலேயே விரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் இருவருமே அதை விரும்பவில்லை. சக்கரம் தரையைத் தொட்டபின் கையாலேயே விரித்துவிடலாம் என்பது தலைமை விமானியின் வழக்கம். தரைக்குச் சற்று மேலே மூக்கை நிமிர்த்தும் வேளையில் ஆயத்தம் செய்யலாம் என்பது துணை விமானியின் கட்சி. யார் ஓட்டுகிறாரோ அவர் விருப்பப்படி செய்வது என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டிருந்தார்கள். விதியை ஒதுக்கிவிட்டு அதற்குப் பதில் நட்பான ஓர் ஏற்பாடு! அன்று ஓட்டியவர் தலைமை விமானி. ஆனால் அன்றைக்கென்று அவர் விட்டுக்கொடுத்து, மூக்கை நிமிர்த்தும்போது ஆயத்தம் செய்யும்படி துணை விமானியிடம் சொன்னார். வழக்கம் மாறியது. ஓடுபாதைக்கு மேல் சுமார் 60 அடி உயரத்தில், துணை விமானியின் கை கைப்பிடியை ஆயத்த நிலையில் நிறுத்தாமல், பின்னே இழுத்து விரித்துவிட்டது.

தாங்கி நின்ற விசை போனதும் விமானம் கல்லைப் போல் தாழ்ந்தது. துணை விமானி உடனே மன்னிப்புக் கேட்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. தலைமை விமானி எஞ்சின்களை முடுக்கி மூக்கைத் தூக்கினார். அதற்குள் விமானம் ஓடுபாதையில் பலமாக மோதியது. வலச் சிறகின் வெளிப்புற எஞ்சின் பிய்த்துக்கொண்டு விழுந்தது, எண்ணெய் கொட்டியது. விமானம் மீண்டும் எழும்பியது. நேர்ந்த சேதம் எவ்வளவு என்பதை விமானி அறையில் இருந்தவர்கள் அறியவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கலாம் என்றே எண்ணினார்கள். ஏறக்குறைய இரண்டரை நிமிஷங்கள் பறந்தார்கள். சிறகில் அடுத்தடுத்து வெடிப்புகள் ஏற்பட்டு, விமானம் நகருக்கு வெளியே வயல்வெளியில் விழுந்தது. அதிலிருந்த 109 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில், விமானிகளின் செயலோடு கைப்பிடியின் அமைப்பும் கேள்விக்குள்ளாயிற்று. பறந்துகொண்டிருக்கும்போது, தரைக்கே உரிய பலகைகளை ஒரு கை இழுப்பால் விரித்துவிட முடியும்படி அதை ஏன் அமைத்தார்கள்? வானில் இதை விரிக்காதே என்று எழுதிய எச்சரிக்கைப் பலகை ஒன்றை விமானி அறையில் ஒட்டினார்கள். எழுத்து கையைத் தடுக்கவில்லை. 1973ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில், ஐஸ்லாந்து நாட்டு நிறுவனத்தின் டிசி-8 ஒன்று அதே பிழையால் ஓடுபாதையில் விழுந்து மோதியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதன் பின்னரே, வானில் இருக்கும்வரை கைப்பிடியை இழுக்க முடியாதபடி பூட்டு அமைக்கச் சொன்னார்கள். எழுத்தை நம்பிப் பிழைக்கும் நமக்கு இது சற்றே வருத்தந் தரும் செய்திதான்.

விரியாமல் போனதால் நேர்ந்த விபத்துகளும் உண்டு. 1999ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் இடி மழைக்கு நடுவே ஓர் எம்டி-82 விமானம் இறங்கியது. புயல் நெருங்குகிறது, காற்று மாறுகிறது, இறங்கலாமா வேண்டாமா என்ற பரபரப்பில், பலகைகளை ஆயத்த நிலையில் வைக்க விட்டுப்போயிற்று. தரையைத் தொட்டபின் கையால் விரிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. நனைந்த ஓடுபாதையில் பிரேக் பிடிக்காமல் விமானம் எல்லையைக் கடந்து ஓடி உடைந்தது. தலைமை விமானி உட்பட 11 பேர் இறந்தனர். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி வார்சா நகரில் நேர்ந்தது வேறு விதம். அங்கே லுஃப்தான்சாவின் ஏ320 விமானத்தில் பலகைகள் ஆயத்தமாகத்தான் இருந்தன. ஆனால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வலச் சக்கரத்தால் மட்டும் நனைந்த தரையைத் தொட்டதால், தரைக்கு வந்துவிட்டோம் என்பதை அதன் கணிப்பொறி ஒன்பது விநாடிகள்வரை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பேர் இறந்தனர். வானில் தவறி விரிந்துவிடக்கூடாது என்று வைத்த காவலே, தரையில் தாமதத்துக்குக் காரணமாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி, அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் என்ற ஊரில், பனி படிந்த 6,300 அடி ஓடுபாதையில் ஒரு போயிங் 757 இறங்கியது. பலகைகள் ஆயத்த நிலையில் இருந்தும், உள்ளே மறைந்திருந்த ஒரு கோளாறினால் எழவில்லை. எஞ்சின்களின் எதிருந்து சாதனமும் அதே வேளையில் சிக்கிக்கொண்டது. இருவர் கவனமும் அதன்மேலேயே போயிற்று. அதற்கிடையில் தலைமை விமானி, பலகைகள் விரிந்துவிட்டன என்று வழக்கப்படி உரக்கச் சொன்னார். அவை விரியவில்லை. ஆயிரம் முறை விரிந்ததைப் பார்த்த கண், ஆயிரத்தோராவது முறை பாராமலே சாட்சி சொல்லிவிட்டது. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பனியில் போய் நின்றது; ஒருவருக்கும் காயமில்லை. கைப்பிடியைப் பின்னே இழுத்திருந்தால் பலகைகள் எழுந்திருக்கும். பலகைகள் எழாவிட்டால் விமானி அறையில் ஒலித்து அறிவிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று விசாரணையாளர் கேட்டது இதன் பிறகுதான்.

இப்போது போயிங் விமானம் தரையைத் தொட்டவுடன், ஓட்டாத விமானி கைப்பிடியைக் கண்ணால் பார்த்து, ‘எழுந்தன’ என்றோ ‘எழவில்லை’ என்றோ சொல்ல வேண்டும். எழவில்லை என்ற சொல் கேட்டால், தலைமை விமானி வேறொன்றும் யோசிக்காமல் கையால் இழுத்துவிட வேண்டும். பிரயாணிகளாகிய நமக்கு இவையொன்றும் கேட்பதில்லை. சக்கரம் தொட்ட அதிர்ச்சி, ஜன்னலுக்கு வெளியே எழுந்து நிற்கும் பலகைகள், அவற்றின் இடைவெளியில் தெரியும் சிறகின் உட்பகுதி, முன்னே சாயும் உடம்பு, இவ்வளவே நம் பங்கு. விமானம் வேகம் தணிந்து ஓடுபாதையைவிட்டு விலகியதும், அந்தக் கைப்பிடியை மறுபடியும் முன்னே தள்ளிவிடுகிறார்கள். அடுத்த முறை கிளம்புகையில் அது அந்த இடத்தில் இல்லாவிட்டால், எஞ்சின்களை முடுக்கிய உடனே ஓர் ஊதல் ஒலித்து எச்சரிக்கும்.